குட்டிப் பருவத்தில் கொடுத்த மருந்தும் வளர்ந்த எலியின் நடத்தையும்

பிறந்த 14ஆம் நாளிலிருந்து 42ஆம் நாள் வரை நாள்தோறும் ரிஸ்பெரிடோன் என்ற மனநோய் மருந்தை ஊசி வழியே பெற்ற ஓர் எலிக்குட்டியின் உடலில், கடைசி ஊசிக்குச் சில நாட்களுக்குப் பிறகு அந்த மருந்து மிஞ்சியிருப்பதில்லை. எலிகள் மருந்துகளை மனிதர்களைவிடப் பல மடங்கு வேகமாகச் சிதைத்து வெளியேற்றிவிடுகின்றன. இருந்தும் அந்த எலி வளர்ந்து முழு வயதை எட்டிய பின்னும், மருந்து பெறாத எலிகளைக் காட்டிலும் கூடுதலாக ஓடியாடிக்கொண்டிருக்கிறது. மருந்து போன பிறகும் நீடிக்கும் இந்த மாற்றத்தைப் பற்றிய ஆய்வுகளை நான் நீண்ட காலமாகத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். அவற்றிலிருந்து நான் புரிந்துகொண்டவற்றையும், அவற்றை எந்த அளவுக்கு நம்பலாம் என்று எனக்குத் தோன்றுவதையும் இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன்.

இந்தக் கேள்வி ஆய்வுக்கூடத்தோடு முடிந்துவிடுவதில்லை. ஆன்டிசைக்கோடிக் என்று அழைக்கப்படும் மருந்துகள் முதலில் மனச்சிதைவு நோய்க்காக, பெரியவர்களுக்காக, உருவாக்கப்பட்டவை. இன்று அவை குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் பரவலாகக் கொடுக்கப்படுகின்றன. அமெரிக்காவில் 20 வயதுக்குட்பட்டவர்களுக்கு இம்மருந்துகள் எழுதித் தரப்பட்ட மருத்துவர் சந்திப்புகளின் எண்ணிக்கை 1993இல் சுமார் 2 லட்சமாக இருந்து 2002இல் 12 லட்சத்தைத் தாண்டியது. 2006இல் அந்நாட்டின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம், ஆட்டிசம் உள்ள 5 முதல் 16 வயது வரையிலான குழந்தைகளிடம் காணப்படும் கடுமையான எரிச்சலுக்கும் வன்செயலுக்கும் ரிஸ்பெரிடோனைப் பயன்படுத்த ஒப்புதல் அளித்தது. அந்த ஒப்புதலுக்கு வழிவகுத்த ஆய்வுகளில் முதன்மையானது 2002இல் வெளிவந்தது. அதில் 101 குழந்தைகள் பங்கேற்றனர். எட்டு வாரச் சிகிச்சைக்குப் பின், மருந்து பெற்றவர்களில் 69 விழுக்காட்டினரிடமும் போலி மருந்து பெற்றவர்களில் 12 விழுக்காட்டினரிடமும் தெளிவான முன்னேற்றம் காணப்பட்டது. தன்னைத்தானே அடித்துக் காயப்படுத்திக்கொள்ளும் ஒரு குழந்தையையும் அதன் பெற்றோரையும் நினைத்துப் பார்த்தால், இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது விளங்கும்.

எட்டு வாரங்களில் தெரியவந்த நன்மை அது. அதே குழந்தை 25 வயதை எட்டும்போது எப்படி இருக்கும் என்பதை எட்டு வார ஆய்வு சொல்லாது. மனிதர்களில் அதைக் கண்டறிய இருபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அவ்வாறு காத்திருந்தாலும், பின்னாளில் தென்படும் மாற்றம் மருந்தால் வந்ததா அல்லது மருந்து தேவைப்பட்ட நோயால் வந்ததா என்று பிரித்தறிவது மிகக் கடினம். எலியின் ஆயுள் இரண்டு மூன்று ஆண்டுகள்தான் என்பதாலும், எந்தக் குட்டிக்கு மருந்து கொடுப்பது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிக்க முடியும் என்பதாலும், இந்தக் கேள்வியை முழு வாழ்நாள் அளவில் கேட்கக்கூடிய ஒரே இடமாக விலங்காய்வு இருக்கிறது.

இம்மருந்துகளின் வரலாறு 1950 டிசம்பரில் பிரான்சில் குளோர்புரோமசின் உருவாக்கப்பட்டதிலிருந்து தொடங்குகிறது. 1952இல் பாரிசின் செயின்ட் ஆன் மருத்துவமனையில் ஜான் டிலே, பியர் டெனிகர் ஆகிய மருத்துவர்கள் அதனை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டனர். 1958இல் பெல்ஜியத்தில் பால் யான்சனின் ஆய்வுக்கூடத்தில் ஹாலோபெரிடால் உருவானது. ரிஸ்பெரிடோன், ஓலான்சபின் போன்ற இரண்டாம் தலைமுறை மருந்துகள் 1990களில் வந்தன. வேதி அமைப்பில் இவை ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபட்டாலும், ஒரு பொதுத்தன்மை இவற்றை இணைக்கிறது: மூளையில் நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளைப் பெற்றுக்கொள்ளும் டி2 ஏற்பிகளில் இவை அனைத்தும் சென்று அமர்கின்றன. பெரும்பாலானவை அந்த ஏற்பிகளை அடைத்துவிடுகின்றன. அரிப்பிப்ரசோல் போன்ற சில, பாதியளவு தூண்டி மீதியை மட்டுப்படுத்துகின்றன.

முழு வளர்ச்சியடைந்த மூளையில் டோபமைன் ஒரு செய்திக்கடத்தி மட்டுமே என்று எடுத்துக்கொண்டாலும் பெரிய பிழையில்லை. வளரும் மூளையில் அதற்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. நரம்பணுக்களின் கிளைகள் எவ்வளவு நீள வேண்டும், எந்த இணைப்புகள் நிலைக்க வேண்டும், எத்தனை ஏற்பிகள் உருவாக வேண்டும் என்பனவற்றைத் தீர்மானிப்பதில் டோபமைனும் செரடோனின் என்ற இன்னொரு செய்திக்கடத்தியும் பங்கு கொள்கின்றன. ஆகவே, வளரும் பருவத்தில் டி2 ஏற்பியை அடைக்கும் மருந்து, அன்றைய நடத்தையை அமைதிப்படுத்துவதோடு, அந்த மூளை எப்படி அமையப் போகிறது என்பதிலும் கைவைக்கக்கூடும். இது கருத்தளவில் எளிதான ஊகம். இதற்கு முதலில் வலுவான சான்று தந்த ஆய்வு எது என்று கேட்டால், 1979இல் சயின்ஸ் இதழில் வெளிவந்த ஒரு சிறிய கட்டுரையையே நான் சுட்டுவேன்.

நியூயார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெலன் ரோசன்கார்ட்டனும் ஆர்னால்டு ஃப்ரீட்ஹாஃபும் ஒரு தொகுதித் தாய் எலிகளுக்குக் கருவுற்றிருந்த காலத்தில் ஹாலோபெரிடால் கொடுத்தனர். இன்னொரு தொகுதிக்குக் குட்டி ஈன்ற பிறகு, பாலூட்டும் காலத்தில் கொடுத்தனர். பால் வழியாக மருந்து குட்டிகளைச் சென்றடைந்தது. பின்னர் இரு தொகுதிக் குட்டிகளின் மூளையிலும் டோபமைன் ஏற்பிகளை அளந்து பார்த்தார்கள். கருவில் மருந்தை எதிர்கொண்ட குட்டிகளில் ஏற்பிகள் குறைந்திருந்தன. பால் வழியாக எதிர்கொண்டவற்றில் ஏற்பிகள் கூடியிருந்தன. நடத்தையும் அதற்கேற்பவே மாறியிருந்தது. டோபமைன் ஏற்பிகளைத் தூண்டும் அபோமார்ஃபினைச் செலுத்தும்போது எலிகள் மோப்பம் பிடிப்பதையும் தலையை அசைப்பதையும் கொறிப்பதையும் ஓயாமல் திரும்பத் திரும்பச் செய்யும். அந்தச் செயல் முதல் தொகுதியில் குறைந்தும் இரண்டாம் தொகுதியில் மிகுந்தும் காணப்பட்டது.

இந்த முடிவின் முக்கியத்துவத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். மருந்து ஒன்றே, அது அடைக்கும் ஏற்பியும் ஒன்றே. சில வார இடைவெளி, நீடித்த விளைவின் திசையையே தலைகீழாக மாற்றிவிட்டது. வளர்ந்த விலங்குக்கு நீண்ட காலம் ஹாலோபெரிடால் கொடுத்தால் டோபமைன் ஏற்பிகள் பெருகும் என்பது 1977 வாக்கில் நரம்பியல் ஆய்வாளர் சாலமன் ஸ்னைடரின் குழுவால் நிறுவப்பட்டிருந்தது. அடைக்கப்பட்ட ஏற்பிகளுக்கு ஈடாக மூளை புதியவற்றை உருவாக்குகிறது என்று அதற்கு விளக்கமும் தரப்பட்டது. கருவிலிருக்கும் மூளை அவ்வாறு ஈடுசெய்யவில்லை. டோபமைனின் தூண்டுதல் கிட்டாத நிலையில், அது குறைந்த ஏற்பிகளோடே தன்னை அமைத்துக்கொண்டது. இளம் வயதில் மருந்து எதிர்ப்பட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு, எந்த வயதில் என்று கேட்காமல் பதில் சொல்லவே முடியாது என்பதுதான் இத்துறையிலிருந்து நான் பெற்ற முதன்மையான பாடம். அளவு, மருந்தின் பெயர், பாலினம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இதற்கு முன்பே, 1960களின் தொடக்கத்தில், கருவுற்ற எலிகளுக்குக் குளோர்புரோமசின் உள்ளிட்ட அமைதிப்படுத்தும் மருந்துகளைக் கொடுத்துக் குட்டிகளின் நடத்தையைச் சோதிக்கும் முயற்சிகள் நடந்தன. ஜாக் வெர்பாஃப் என்ற உளவியலாளர் அவற்றில் முன்னோடி. தாலிடோமைடு மருந்தால் கைகால் வளராமல் குழந்தைகள் பிறந்ததை உலகம் அதிர்ச்சியோடு பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. உடலில் ஒரு குறையும் தெரியாமல் பிறந்த குட்டியிடத்தும் நடத்தையில் குறை இருக்கலாம் என்பதை அந்த முயற்சிகள் எடுத்துக்காட்டின. எனினும் அந்தக் கால ஆய்வுகள் பலவற்றை இன்று அப்படியே ஏற்க முடியாது. அதற்குக் காரணம் தாய் எலி.

ஹாலோபெரிடால் போன்ற மருந்து பெற்ற தாய் எலி, கூட்டிலிருந்து விலகிய குட்டியை வாயால் கவ்வித் திரும்பக் கொண்டுவரும் வேலையைச் சரிவரச் செய்வதில்லை. கூடு கட்டுவதும் குறைகிறது. குட்டியை நக்கிப் பராமரிக்கும் முறை மாறினாலே, எந்த மருந்தும் இல்லாமல், அந்தக் குட்டியின் பிற்கால அச்சமும் மன அழுத்தத்தைத் தாங்கும் திறனும் மாறும் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்படியிருக்க, வளர்ந்த எலியிடம் காணப்படும் மாற்றம் மருந்து குட்டியின் மூளையில் செய்த வேலையா, பராமரிப்புக் குறைந்த தாயின் விளைவா என்று எப்படிச் சொல்வது? மருந்து பெற்ற தாயின் குட்டிகளைப் பிறந்தவுடன் மருந்து பெறாத தாயிடம் மாற்றிவிடுவது ஒரு வழி. குட்டிக்கே நேரடியாக மருந்து கொடுப்பது இன்னொரு வழி. அதிலும் சிக்கல் உண்டு. மருந்தின் மயக்கத்தில் அசையாமல் கிடக்கும் குட்டியிடம் தாய் நடந்துகொள்ளும் விதமும் வேறாகிவிடுகிறது.

ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகள் கருப்பையையும் தாயையும் பகிர்ந்துகொண்டவை. அவற்றைத் தனித்தனி எலிகளாக எண்ணிக் கணக்கிட்டால், இல்லாத விளைவுகூட இருப்பதுபோலத் தோன்றும். ஆய்வுக்கட்டுரைகளை வாசிக்கும்போது குட்டிகள் எத்தனை ஈற்றுகளிலிருந்து வந்தவை என்பதையே முதலில் தேடுகிறேன். அது சொல்லப்படாத கட்டுரையின் முடிவுகளைக் கூடுதல் எச்சரிக்கையோடு வாசிக்கிறேன்.

எலியின் வயதை மனித வயதோடு பொருத்துவது பற்றியும் ஒரு சொல். எலிகள் மிக முதிராத நிலையில் பிறக்கின்றன. பிறந்து ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் ஆன எலிக்குட்டியின் மூளை, நிறைமாதத்தில் பிறந்த மனிதக் குழந்தையின் மூளைக்கு ஏறத்தாழ இணையானது என்று கொள்வது வழக்கம். 21ஆம் நாள் வாக்கில் பால்குடி மறக்கிறது. 28 முதல் 42 நாள் வரை வளரிளம் பருவம். 60 நாட்களுக்கு மேல் முழு வளர்ச்சி. இந்தப் பொருத்தம் தோராயமானது. மூளையின் ஒவ்வொரு பகுதியும் தனக்கென ஒரு கால அட்டவணையோடு வளர்கிறது. ஆயினும், 14 முதல் 42 நாள் வரை என்பது குழந்தைப் பருவத்தையும் வளரிளம் பருவத்தையும் உள்ளடக்கியது என்று சொல்வதில் தவறில்லை.

அந்தக் கால எல்லையைத் தேர்ந்துகொண்டவர் வடக்கு கென்டக்கி பல்கலைக்கழகத்தின் மார்க் பார்ட்கெட். குழந்தைகளுக்கு மிகுதியாக எழுதித் தரப்படும் மருந்து ரிஸ்பெரிடோன் என்பதால் அதையே அவருடைய குழு எடுத்துக்கொண்டது. உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 1 அல்லது 3 மில்லிகிராம் என்ற அளவில் நாள்தோறும் ஊசி போட்டு, 42ஆம் நாளோடு நிறுத்திவிட்டு, பிறகு எலிகளை வெறும் கூண்டில் விட்டு, அகச்சிவப்புக் கதிர்களை அவை எத்தனை முறை குறுக்கிடுகின்றன என்று எண்ணினார்கள். மருந்து பெற்ற எலிகள் மிகையாக இயங்கின. 2013இல் வெளியான அந்த ஆய்வில் மிகையியக்கம் மருந்து நின்ற சிறிது காலத்திலேயே தொடங்கி, ஏறத்தாழ ஒன்பது மாத வயது வரை நீடித்தது. எலியின் வாழ்வில் ஒன்பது மாதம் என்பது நடுவயதை நெருங்கும் காலம். 2017இல் அதே குழுவினர், இவ்வாறு வளர்ந்த எலிகள் ஆம்பெட்டமினுக்கு மற்ற எலிகளைக் காட்டிலும் கூடுதலாக எதிர்வினை காட்டுகின்றன என்றும் கண்டனர். ஆம்பெட்டமின் டோபமைனை வெளிக்கொணரும் பொருளாகையால், டோபமைன் சார்ந்த சுற்று நிரந்தரமாகவோ நீண்ட காலத்திற்கோ கூடுதல் உணர்திறன் பெற்றுவிட்டது என்பதை அது காட்டுகிறது.

ரிஸ்பெரிடோன் கொடுக்கப்படும் குழந்தைகள் பலரிடம் கவனக்குறைவும் மிகையியக்கமும் இருக்கின்றன. அடங்காமையை அடக்கக் கொடுத்த மருந்து, நிறுத்திய பின் அடங்காமையை மிகுவிக்கிறது என்று இந்த முடிவைச் சுருக்கிச் சொல்லிவிடலாம் என்ற ஆசை எவருக்கும் எழும். அந்த ஆசைக்கு நாம் இடங்கொடுக்கக் கூடாது என்று கருதுகிறேன். கதிரைக் குறுக்கிடும் எண்ணிக்கை என்பது ஓர் எலி எவ்வளவு நகர்ந்தது என்பதை மட்டுமே சொல்கிறது. அது கவனமின்மையா, புதிய இடத்தை ஆராயும் ஆர்வமா, அச்சக் குறைவா, அமைதியின்மையா என்பதை அந்த எண் சொல்லாது. எலியின் மிகையியக்கம் ஒரு நோயின் பெயரைச் சூடிக்கொள்ள வேண்டிய தேவையுமில்லை. மருந்து விலகிய பின்னும் மூளை முன்போல் இல்லை என்பதற்கு அது நம்பத்தகுந்த அடையாளம். அந்த அளவோடு நிறுத்திக்கொண்டாலே அது போதிய கவலைக்குரியது.

மற்ற ஆய்வுக்கூடங்கள் வேறு நடத்தைகளைச் சோதித்தன. மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் ஃபிராஸ்டின் குழு, ஆண் எலிகளுக்கு 28 முதல் 49 நாள் வரை ஓலான்சபின் கொடுத்துப் பிறகு வளரவிட்டது. அவற்றின் செயல்பாட்டு நினைவாற்றல், அதாவது ஒரு செய்தியைச் சிறிது நேரம் மனத்தில் வைத்துப் பயன்படுத்தும் திறன், முழு வயதிலும் குறைந்திருந்தது. நரம்பணுக்களின் கிளையமைப்பிலும் மாற்றம் இருந்தது. வெகுமதியை நாடும் நடத்தை மாறியிருந்ததை அதே குழு தனிக் கட்டுரையாக வெளியிட்டது. ஆஸ்திரேலியாவின் வோலங்காங் பல்கலைக்கழகத்தில் அரிப்பிப்ரசோல், ஓலான்சபின், ரிஸ்பெரிடோன் ஆகிய மூன்றையும் 22 முதல் 50 நாள் வரை இரு பாலினக் குட்டிகளுக்கும் கொடுத்து, வளர்ந்த பின் இயக்கம், பதற்றம், சோர்வு ஆகியவற்றை ஒப்பிட்டார்கள். விளைவு மருந்துக்கு மருந்து வேறுபட்டது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுபோல் இல்லை. இத்துறையில் நெடுங்காலம் ஆண் எலிகளை மட்டுமே பயன்படுத்தி வந்த வழக்கம் எவ்வளவு பெரிய இடைவெளியை உண்டாக்கியிருக்கிறது என்பதை இத்தகைய ஆய்வுகள் உணர்த்துகின்றன.

நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் மிங் லீ கேட்ட கேள்வி வேறு வகையானது, எனக்கு மிக முக்கியமாகப் படுவதும் அதுவே. வளரிளம் பருவத்தில் ஒரு மருந்தைப் பெற்று, நிறுத்தி, வளர்ந்த பின் அதே மருந்தை மீண்டும் பெற்றால் என்ன ஆகும்? ஓலான்சபினை முன்பு பெற்றிருந்த எலிகள், வளர்ந்த பின் அதே மருந்துக்குக் கூடுதலாக எதிர்வினை காட்டின. குளோசபின் என்ற இன்னோர் ஆன்டிசைக்கோடிக் மருந்தை முன்பு பெற்றிருந்தவை அதற்குக் குறைவாக எதிர்வினை காட்டின. அதாவது, இளம் வயது மருந்தின் தடம், நடத்தையில் வெளிப்படையாகத் தெரியாத இடத்திலும் அடுத்த மருந்தின் வேலையை மாற்றுவதற்குக் காத்திருக்கிறது. ஒரே வகுப்பைச் சேர்ந்த இரு மருந்துகள் எதிரெதிர்த் தடங்களை விட்டுச்செல்வது எதனால் என்பது இன்னும் முழுமையாக விளக்கப்படவில்லை.

விளைவுகள் ஏன் நிலைக்கின்றன என்ற கேள்விக்கு வருவோம். அமெரிக்காவின் மெக்லீன் மருத்துவமனையில் சூசன் ஆண்டர்சனும் மார்ட்டின் டைக்கரும் 1990களில் செய்த அளவீடுகள் இங்கே பெரிதும் உதவுகின்றன. எலி மூளையின் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியில் டோபமைன் ஏற்பிகள் வளரிளம் பருவத்தில், 40ஆம் நாள் வாக்கில், தேவைக்கு மேல் உருவாகி உச்சத்தை எட்டுகின்றன. பின்னர் அவற்றில் பெரும்பகுதி களையப்படுகிறது. ஆண் எலிகளில் இந்த ஏற்றமும் இறக்கமும் மிகத் தெளிவாகவும் பெண் எலிகளில் மிகக் குறைவாகவும் இருக்கின்றன. ஏற்பிகள் பெருகிக் களையப்படும் அதே வாரங்களில்தான் பெரும்பாலான ஆய்வுகளில் மருந்து கொடுக்கப்படுகிறது. களையப்பட வேண்டியவை எவை, நிலைக்க வேண்டியவை எவை என்பது அவற்றின் செயல்பாட்டைப் பொறுத்தே தீர்மானமாகும்போது, செயல்பாட்டை மருந்து அடைத்துவைத்தால் அந்தத் தேர்வே வேறாகிவிடக்கூடும். பாலின வேறுபாட்டுக்கும் இதில் ஒரு திறப்பு இருக்கிறது.

இன்னொரு சான்று மருந்தே இல்லாத ஓர் ஆய்விலிருந்து வருகிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எரிக் காண்டலின் குழுவினர் 2006இல், ஸ்ட்ரையேட்டத்தில் மட்டும் டி2 ஏற்பிகள் கூடுதலாக உருவாகும்படி மரபணு மாற்றப்பட்ட சுண்டெலிகளை உருவாக்கினார்கள். அந்தக் கூடுதல் ஏற்பிகளை வேண்டும்போது நிறுத்திவிடும் வசதியும் அவற்றில் இருந்தது. வளர்ந்த பின் அவற்றை நிறுத்தி, ஏற்பிகளை இயல்பு நிலைக்குக் கொண்டுவந்த பிறகும், முன்மூளைப் புறணியைச் சார்ந்த அறிவாற்றல் குறை நீங்கவில்லை. ஏற்பிகள் ஓரிடத்தில் கூடுதலாக இருந்த காலத்தில் வேறோர் இடத்தின் அமைப்பு மாறிவிட்டிருந்தது. ஆகவே, வளர்ந்த விலங்கில் ஏற்பிகளை எண்ணிப் பார்த்து, அவை இயல்பாகவே உள்ளன, எனவே பாதிப்பில்லை என்று முடிவு கட்டுவது பொருந்தாது. வளர்ந்த மூளையில் மருந்தால் பெருகிய ஏற்பிகள் மருந்து நின்ற சில வாரங்களில் குறைந்து பழைய நிலையை நெருங்குகின்றன. வளரும் மூளையில் அந்தத் திரும்புதல் நடந்தாலும், இடைப்பட்ட காலத்தில் அமைந்துவிட்ட இணைப்புகள் அதனோடு சேர்ந்து திரும்புவதில்லை.

இந்த ஆய்வுகளுக்கு எதிராக வைக்கப்படும் கேள்விகளில் நியாயமானவை இரண்டு. முதலாவது அளவு பற்றியது. மனிதர்களில் டி2 ஏற்பிகளில் 65 முதல் 80 விழுக்காடு வரை மருந்து அமர்ந்திருக்கும்போதே பலன் கிடைக்கிறது என்பது மூளைப் படப்பிடிப்பால் அறியப்பட்டது. ஹாலோபெரிடால் மனித உடலில் பாதியாகக் குறைய 12 மணி நேரத்திற்கு மேல் ஆகிறது. எலியில் இரண்டு மணி நேரம் போதும். எனவே நாளுக்கு ஓர் ஊசி பெறும் எலியின் மூளையில் சில மணி நேரம் மிகையான அடைப்பும், எஞ்சிய நேரம் அறவே அடைப்பின்மையும் மாறி மாறி ஏற்படுகின்றன. சிகிச்சை பெறும் மனித மூளையிலோ அடைப்பு ஏறத்தாழ ஒரே சீராக நீடிக்கிறது. மனநல மருத்துவ ஆய்வாளர் ஷிதிஜ் கபூர் 2003இல் இந்தக் குறையை விரிவாகச் சுட்டிக்காட்டி, ஏற்பியில் மருந்து அமரும் விழுக்காட்டை அடிப்படையாக வைத்தே விலங்குகளுக்கு அளவு தீர்மானிக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். நாளுக்கு ஒரு முறை ஊசி போட்டுப் பெற்ற முடிவுகளில் ஒரு பகுதி, அன்றாடம் நிகழ்ந்த அந்தத் திடீர் விலகலின் விளைவாகவும் இருக்கலாம். தோலுக்கடியில் சிறு பம்பு வைத்தோ உணவிலும் நீரிலும் கலந்தோ சீராக மருந்து செலுத்தும் ஆய்வுகளை நான் கூடுதல் மதிப்போடு வாசிப்பது இதனால்தான்.

இரண்டாவது கேள்வி இன்னும் ஆழமானது. மேலே சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவை நலமான குட்டிகளுக்கு மருந்து கொடுத்தவை. நலமான குழந்தைக்கு யாரும் ரிஸ்பெரிடோன் கொடுப்பதில்லை. டோபமைன் அமைப்பே ஏற்கெனவே தடம் மாறி வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில் இதே மருந்து என்ன செய்யும்?

இதற்கான விடையைத் தேடியவர்கள், கருவுற்ற எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் வைரசுத் தொற்றைப் போன்ற நோயெதிர்ப்பு எழுச்சியைச் செயற்கையாக உண்டாக்கினார்கள். அவ்வாறு பிறக்கும் குட்டிகள் சிறுவயதில் இயல்பாகத் தோன்றினாலும், முழு வளர்ச்சியை எட்டும்போது மனச்சிதைவோடு ஒப்பிடத்தக்க சில மாற்றங்களைக் காட்டுகின்றன. டெல் அவீவ் பல்கலைக்கழகத்தில் இனா வைனரின் குழு, இக்குட்டிகளுக்கு மாற்றங்கள் தோன்றுவதற்கு முன்பே, வளரிளம் பருவத்தில் குளோசபினோ ரிஸ்பெரிடோனோ கொடுத்து நிறுத்தியபோது, எதிர்பார்க்கப்பட்ட நடத்தை மாற்றங்களும் மூளை அமைப்பு மாற்றங்களும் தடுக்கப்பட்டன. இங்கும் விளைவு மருந்து நின்ற பிறகும் நீடித்தது. ஆனால் அது நன்மையாக நீடித்தது. சூரிச்சில் ஊர்ஸ் மேயரும் அவருடைய குழுவினரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு இந்த இரு பக்கங்களையும் ஒன்றாகக் காட்டியது. பாதிப்புக்குள்ளான சுண்டெலிகளுக்கு முன்கூட்டிய சிகிச்சை சில நடத்தைகளில் பயன் தந்தது. அதே சிகிச்சையைப் பெற்ற, எந்தப் பாதிப்பும் இல்லாத ஒப்பீட்டுச் சுண்டெலிகளில், அது இல்லாத நடத்தைக் குறைகளைப் பின்னாளில் தோற்றுவித்தது.

இந்த ஒரு முடிவு மற்ற எல்லாவற்றையும் நான் பார்க்கும் கோணத்தை மாற்றியது. நோய் வரக்கூடும் என்ற ஐயத்தின் பேரில், இன்னும் நோய் வராத இளைஞர்களுக்கு முன்கூட்டியே மருந்து கொடுக்கலாமா என்ற விவாதம் மனநல மருத்துவத்தில் பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. அத்தகைய அறிகுறிகளோடு வருபவர்களில் பெரும்பாலோருக்கு மனச்சிதைவு வருவதில்லை. அவர்களுக்கும் சேர்த்து மருந்து கொடுப்பது, மேயரின் ஒப்பீட்டுச் சுண்டெலிகளின் நிலையில் அவர்களை நிறுத்துவதாகும். தூக்கமின்மைக்காகவும் வகுப்பறையில் அடங்காமைக்காகவும் இம்மருந்துகள் எழுதித் தரப்படும் குழந்தைகளையும் நான் இந்த இடத்தில்தான் நினைத்துக்கொள்கிறேன். கடுமையான நோயுள்ள குழந்தைக்குச் சரியான மருந்தாக இருப்பது, அந்த நோயில்லாத குழந்தைக்கு வெறும் தேவையற்ற மருந்தாக மட்டும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள விலங்காய்வுகள் இடம் தரவில்லை.

இதை வாசிப்பவர்களில் இம்மருந்துகளைப் பெறும் குழந்தைகளின் பெற்றோரும் இருக்கலாம். அவர்களுக்காக ஒன்றை ஐயத்திற்கிடமின்றிச் சொல்ல வேண்டும். இந்த ஆய்வுகள் எதுவும், உங்கள் குழந்தையின் மருந்தை நீங்களாகவே நிறுத்துவதற்குக் காரணம் ஆகாது. திடீரென நிறுத்துவது நோயைத் திரும்பக் கொண்டுவரலாம். தன்னிச்சையான உடலசைவுகளையும் தூக்கக் கேட்டையும் உண்டாக்கலாம். எதற்காக இந்த மருந்து, எவ்வளவு காலத்திற்கு, எப்போது மறுபரிசீலனை, குறைப்பதென்றால் எப்படிக் குறைப்பது என்ற கேள்விகளை மருத்துவரிடம் தயங்காமல் கேட்பதற்கு இவை காரணம் ஆகலாம். கருவுற்ற தாய்மார்களுக்கும் இது பொருந்தும். கருவுற்ற காலத்தின் கடைசி மூன்று மாதங்களில் இம்மருந்துகளைப் பெற்ற தாய்மார்களின் குழந்தைகளிடம் பிறந்தவுடன் தசை இறுக்கமும் மருந்து விலகல் அறிகுறிகளும் தோன்றலாம் என்று 2011இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரித்தபோது, மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்த வேண்டாம் என்பதையும் அதே அறிவிப்பில் சேர்த்தே சொன்னது. தாயின் நோய் கட்டுப்பாடின்றிப் போவதும் கருவுக்குத் தீங்கானதே.

இனிச் செய்யப்பட வேண்டிய ஆய்வுகள் எவை என்பது எனக்கு ஓரளவு தெளிவாகவே தெரிகிறது. பாதிப்புக்குள்ளான குட்டிகளும் நலமான குட்டிகளும் ஒரே ஆய்வில் இருக்க வேண்டும். இரு பாலினமும் இருக்க வேண்டும். மருந்து ஏற்பியளவில் சீராகச் செலுத்தப்பட வேண்டும். தொடங்கும் வயதும் நிறுத்தும் வயதும் தனித்தனியே மாற்றப்பட்டு, அந்த எலிகள் முதுமை வரை கவனிக்கப்பட வேண்டும். இத்தனை குழுக்களும் இத்தனை மாதங்களும் பெரும் பணத்தையும் பொறுமையையும் கேட்பவை. மருந்தின் காப்புரிமை முடிந்த பிறகு அதற்காகச் செலவிட நிறுவனங்களுக்கு ஊக்கமில்லை என்பதால், இப்பொறுப்பு பொதுப் பணத்தில் இயங்கும் ஆய்வு நிறுவனங்களையே சேர்கிறது.

மனிதர்களிடத்தில் இன்றே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. வளர்ந்த ஒருவர் மனநலச் சிகிச்சைக்கு வரும்போது, குழந்தைப் பருவத்தில் எந்த ஆன்டிசைக்கோடிக் மருந்தை எந்த வயதிலிருந்து எந்த வயது வரை பெற்றார் என்பது அவருடைய மருத்துவக் குறிப்பில் இடம்பெற வேண்டும். பழைய மருந்தின் பெயர் எழுதப்படும் இடங்களில்கூட வயது பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. மிங் லீயின் எலிகளில் அடுத்த மருந்து எப்படி வேலை செய்யும் என்பதைத் தீர்மானித்தவை, முன்பு எந்த மருந்து கொடுக்கப்பட்டது என்பதும் அது வளரிளம் பருவத்தில் கொடுக்கப்பட்டது என்பதும்தான்.